நுனி எந்தப் பக்கம்

திரையில் கோடு படுத்துக் கிடந்தது. ஏறவில்லை, இறங்கவில்லை, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை இழுத்துக் கட்டிய கொடிக்கயிறு போல ஒரே மட்டத்தில் நீண்டு போயிற்று. கண்ணில்தான் கோளாறோ என்று சின்னவள் ஒருமுறை இமைகளைத் தேய்த்துவிட்டுப் பார்த்தாள். கோடு எழுந்திருக்கவில்லை.

"ஆக, உட்கரு அனுப்புற செய்தி பாசியோட செல் முழுக்கச் சமமாத்தான் பரவியிருக்கு," என்றாள் திரையருகே நின்ற பெரியவள். "நுனியில குவியுதுன்னு இத்தனை காலமா எல்லாரும் சொல்லிக்கிட்டு வந்தது தப்பு. வெள்ளிக்கிழமை கட்டுரை இதழுக்குப் போகுது."

பெரியவள் அந்த ஆய்வகத்தின் தலைவி. சின்னவள் அங்கே வேலை பார்க்கும் ஆய்வாளர். பெரியவளின் உடன்பிறந்த தங்கை. அவளைத் தேர்ந்தெடுத்த குழுவில் பெரியவள் இடம்பெறவில்லை. ஆயினும் இதை நம்புகிறவர்கள் அந்த ஆய்வகத்திலேயே குறைவு. பிறர் முன்னிலையில் சின்னவள் அவளை 'மேடம்' என்பாள். வீட்டில் 'அக்கா' என்பாள். கோபம் வந்தால் இரண்டையும் விட்டுவிடுவாள்.

"மேடம், ஒரு சந்தேகம்."

"சொல்லு."

"ஜன்னலோரம் இருக்கிற ஜாடியில, கால வெட்டி எறிஞ்ச நுனித்துண்டு எல்லாம் குடை விரிச்சிருக்கு. நடுத்துண்டு ஒண்ணுகூட விரிக்கல. செய்தி சமமா இருந்தா நடுத்துண்டு ஏன் சும்மா கிடக்கு?"

"செய்தி இருக்கிறது வேற, அதைப் படிக்கிறது வேற. நடுவுல செய்தி இருக்கு, படிக்கிற ஏற்பாடு இல்ல. அதுதான் இந்தக் கட்டுரையோட புதுமையே."

"எங்க வீட்டுல நான் பேசற மாதிரி," என்றான் பின்வரிசையில் இருந்த கண்ணாடிக்கார மாணவன். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள். சின்னவள் சிரிக்கவில்லை, சிரிக்காதவள் என்ற கணக்கில் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஜாடியில முளைச்சதை வச்சுக் கட்டுரை எழுத முடியாது," என்று பெரியவள் முடித்தாள். "அளந்ததை வச்சுத்தான் எழுதணும். அளவு திரையில இருக்கு. உட்காரு."

சின்னவள் உட்கார்ந்தாள். உட்காரும்போதே நாற்காலி கிறீச்சிட்டது. அதுவும் அவள் மேல் குற்றமாகவே விழுந்தது.

அவர்கள் ஆராய்ந்தது குடைப்பாசி. விரல் நீளம் வளர்ந்தாலும் அது ஒற்றைச் செல்தான். அடியில் வேர் போன்ற ஒரு கால். கல்லைப் பற்றிக்கொண்டிருக்கும் அந்தக் காலுக்குள் ஒரே ஓர் உட்கரு. மேலே நூல் போன்ற பச்சைத் தண்டு. பருவம் வந்தால் தண்டின் நுனியில் ஒரு சின்னஞ்சிறு குடை விரியும். குடை எப்படி அமைய வேண்டும் என்ற கட்டளை காலிலுள்ள உட்கருவில் இருக்கிறது. குடை விரிவதோ மறு கோடியில். சாதாரணச் செல்லின் அளவோடு ஒப்பிட்டால் அது அடுத்த ஊருக்குப் போகிற தூரம். ஆகவே உட்கரு தன் கட்டளையைப் படியெடுத்துச் செய்தியாக அனுப்புகிறது. செய்தி தண்டின் வழியே பயணம் செய்து, குடை விரியப்போகும் இடத்தில் முன்கூட்டியே போய்க் காத்திருக்கிறது. காலை வெட்டி எறிந்தாலும் நுனித்துண்டு குடை விரிப்பது அதனால்தான்: அதற்கு வேண்டியது ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது. சின்னவள் இப்படித்தான் நம்பினாள். ஜாடிகளும் இப்படித்தான் சொல்லின.

நம்பிக்கையை அளவாக்குவதற்கு அவர்கள் கையாண்ட முறை எளியது, பொறுமையைத் தின்பது. குடை விரியாத இளம் பாசிகளின் காலை நறுக்கி, வெட்டுவாய் மூடிக்கொண்ட பிறகு அவற்றை உறைபனிக் குளிரில் வைத்த உலோகத் தட்டில் வரிசையாகக் கிடத்த வேண்டும். வெட்டினால் உள்ளே இருப்பது வழிந்து இடம் மாறிவிடும்; எனவே முதலில் உறைய வேண்டும், பிறகு வெட்ட வேண்டும். சம இடைவெளியில் கத்தி அலகுகள் பொருத்திய ஒரு சட்டத்தை அழுத்தினால் அத்தனை பாசிகளும் ஒரே நொடியில் ஆறு ஆறு துண்டாகும். துண்டுகளைக் கால்பக்கத்திலிருந்து ஒன்று முதல் ஆறுவரை எண்ணிட்ட குழாய்களில் சேர்த்து, ஒவ்வொன்றிலும் செய்தி எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேண்டும். தட்டுகளில் பாதியைச் சின்னவள் அடுக்கினாள். மறு பாதியைப் பெரியவளே அடுக்கினாள். தலைவி ஆனாலும் கைவேலை மறந்துவிடக் கூடாது என்பது அவள் கொள்கை. அளக்கும் வாரத்தில் சின்னவள் காய்ச்சலில் விழுந்தாள். அளந்ததும் கணக்கிட்டதும் பெரியவள்.

அந்தக் கணக்குத்தான் திரையில் படுத்துக் கிடந்தது.

அன்று இரவு உணவு மேசையில் மூவர் இருந்தார்கள். அம்மா நடுவே உட்கார்ந்தாள். மகள்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம்.

"கட்டுரையை ஒரு வாரம் தள்ளிப்போடு," என்றாள் சின்னவள்.

"எதுக்கு?"

"தப்புன்னு எனக்குத் தோணுது."

"தோணுறதுக்கெல்லாம் தள்ளிப்போட்டா நான் ஆய்வகம் நடத்த முடியாது, ஜோசியக் கடைதான் நடத்தணும்."

"ரெண்டு பேரும் நிறுத்துங்க," என்றாள் அம்மா. "அந்த ஆய்வகத்தைச் செருப்போட சேத்து வாசல்லயே கழட்டிப் போட்டுட்டு வாங்கன்னு எத்தனை தடவை சொல்றது? சோறு ஆறுது."

பெரியவள் கையை நீட்டி, சின்னவளின் இடப்பக்கத்திலிருந்த தண்ணீர்க் குவளையை எடுத்து வலப்பக்கத்தில் வைத்தாள். வைத்தது அவளுக்கே தெரியாது. சின்னவள் குவளையை மறுபடியும் இடப்பக்கத்துக்கு நகர்த்தினாள். இதுவும் பழக்கம்தான்.

சின்னவள் இடதுகைக்காரி. சிறுவயதில் 'பீச்சாங்கை' என்பது அவளுக்கு வீட்டில் வழங்கிய செல்லப்பெயர். அதில் செல்லம் எவ்வளவு என்று அவள் அளந்ததில்லை. அந்தக் கையைத் திருத்தும் பொறுப்பை அம்மா பெரியவளிடம் ஒப்படைத்திருந்தாள். பெரியவள் அடித்ததில்லை, அதட்டியதும் இல்லை. தங்கையின் இடது கையிலிருந்து பென்சிலை உருவி வலது கையில் செருகுவாள், கரண்டியை மாற்றுவாள், ஒரு சொல்லும் சொல்ல மாட்டாள். சின்னவளை அது அடியைவிட அதிகமாக எரித்தது. அடித்தால் திருப்பி அடிக்கலாம். திருத்தினால் என்ன செய்வது?

"நான் ஏனோதானோன்னு பண்ணல," என்றாள் பெரியவள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "ஒவ்வொரு தட்டையும் பாத்தேன். உன்னுதைக்கூட சரி பண்ணித்தான் சேத்தேன்."

சின்னவளின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"என்ன சரி பண்ணின?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடு."

"என்னத்த சரி பண்ணின, சொல்லு."

"சாப்பிடுடீ," என்றாள் அம்மா. அத்துடன் பேச்சு முடிந்தது. அந்த வீட்டில் பேச்சு முடிவது எப்போதும் அம்மாவின் வாயில்தான்.

மறுநாள் நண்பகலில், பெரியவள் வகுப்பெடுக்கப் போன நேரத்தில், சின்னவள் உறைபெட்டி அறைக்குப் போனாள். அதன் சாவி ஆய்வக உதவியாளரிடம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் அந்தப் பெட்டிகளைப் பிள்ளை போலப் பார்த்துக்கொள்கிறவர். எல்லோரும் அவரை ஐஸ்பெட்டி என்றே அழைத்தார்கள், அவரும் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே, பாசித் துண்டெல்லாம் எடுத்து வச்ச ரேக்கு வேணும். ரெண்டு பேரோடதும்."

"அளந்தாச்சே, இன்னும் என்ன?"

"பாக்கணும்."

ஒவ்வொரு குழாயிலிருந்தும் சில துண்டுகளை, அளப்பதற்காக அரைத்துவிடாமல், தனியே எடுத்து வைப்பது அந்த ஆய்வகத்தின் வழக்கம். சின்னவள் கதவைத் திறந்தாள். வெண்புகை காலடிவரை வழிந்தது. அவள் உள்ளே பார்த்தபடி நின்றாள்.

"கதவைத் திறந்து வச்சுக்கிட்டு யோசிக்காதீங்கம்மா," என்றார் ஐஸ்பெட்டி. "யோசிச்சுட்டு வந்து திறங்க. அக்கா தங்கச்சி சண்டையில என் பெட்டி இளகிடும்."

குழாய்கள் செருகிய இரண்டு ரேக்குகளையும் பனிக்கட்டித் துகள் நிரப்பிய தொட்டியில் நட்டு, வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். குடைப்பாசியின் தண்டு கால்பக்கத்தில் வெளிறியிருக்கும். நுனியை நோக்கிப் போகப் போகப் பச்சை அடர்ந்துகொண்டே போகும். பாசியை ஒரு நாள் வளர்த்தவருக்கும் தெரிந்த செய்தி. பெரியவளின் ரேக்கில் ஒன்றாம் எண் வெளிறியிருந்தது, ஆறாம் எண் கரும்பச்சை. தன் ரேக்கைத் திருப்பினாள். ஒன்று வெளிறல். ஆறு கரும்பச்சை.

அவளுடைய எண்களில் பிழை இல்லை.

வித்தியாசம் ஒன்றுதான். பெரியவளின் ரேக்கில் எண்கள் இடமிருந்து வலமாக ஓடின. அவளுடையதில் வலமிருந்து இடமாக. காரணம் கையில் இருந்தது. இடுக்கியால் நுனியைப் பற்றிப் பாசியைத் தட்டில் கிடத்தும்போது வலதுகைக்காரிக்கு நுனி வலப்பக்கம் விழும். இடதுகைக்காரிக்கு இடப்பக்கம் விழும். அதனால்தான் அவள் எண்களையும் வலப்பக்கத்திலிருந்தே தொடங்கினாள். முதல் தட்டிலிருந்து அப்படித்தான். ஒருமுறையும் தவறியதில்லை.

கணினிக்குப் போய் அட்டவணையைத் திறந்தாள். அவளுடைய தட்டுகள் ஒவ்வொன்றிலும் ஆறாம் குழாயின் அளவு ஒன்றின் கீழ் இருந்தது. ஒன்றின் அளவு ஆறின் கீழ். ஒரு தட்டுகூட விடுபடவில்லை. வேலை நேர்த்தியாகச் செய்யப்பட்டிருந்தது. பாதித் தட்டுகள் ஏறின, தலைகீழாக்கப்பட்ட பாதி இறங்கின. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் கோடு படுக்காமல் என்ன செய்யும்?

அவள் வரிசைகளைத் திருப்பிப் போட்டாள். கோடு எழுந்தது. கால்பக்கத்தில் தரையோடு தரையாகத் தொடங்கி, தண்டு நெடுக ஏறி, நுனியில் நிமிர்ந்து நின்றது. இப்படியொரு கோட்டுக்காகத்தான் அவள் விரல்கள் அந்தத் தட்டுகளின் குளிரில் மரத்துப் போயின. மகிழ்ச்சி வர வேண்டிய இடம் அது. வந்தது வேறு.

வகுப்பு முடிந்து பெரியவள் அறைக்குத் திரும்பியபோது, அவள் மேசைமேல் பனித்தொட்டி இருந்தது. அதன் அடியில் அச்சிட்ட கட்டுரை நனைந்துகொண்டிருந்தது.

"என்னடீ இது? காகிதமெல்லாம் ஈரமாகுது."

"ஆகட்டும். இது யார் ரேக்கு?"

"என்னோடது."

"இது?"

"உன்னோடது. ஏன்?"

"எண்ணைப் பாக்காத. பச்சையப் பாரு. எது கால், எது நுனி?"

பெரியவள் குனிந்தாள். அவளிடம் எத்தனை குறை இருந்தாலும் கண்ணுக்கு முன்னால் இருப்பதை இல்லை என்கிற குறை இல்லை. ஒரு ரேக்கைப் பார்த்தாள். மற்றதைப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தாள். பிறகு நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"உன் ரேக்குல எண்ணெல்லாம் தலைகீழா ஓடுச்சு," என்றாள்.

"ஓடும். நான் இடப்பக்கம் நுனி வைக்கிறவ."

"நான் என்ன நினைச்சேன்னா... நுனிய வலப்பக்கம்தான் வச்சிருப்ப, எண்ணைத்தான் கைப்பழக்கத்துல மாத்திப் போட்டுட்டன்னு."

"நினைச்ச. சரி. ஏன் கேக்கல?"

"உனக்குக் காய்ச்சல்."

"காய்ச்சல் உடம்புக்கு. வாய்க்கு இல்ல. அந்த வாரம் பூரா ஃபோன் பண்ணின. மாத்திரை போட்டியான்னு கேட்ட, தூங்கினியான்னு கேட்ட, ஜன்னலைச் சாத்தினியான்னுகூட கேட்ட. இதை மட்டும் ஏன் கேக்கல?"

பெரியவள் மூக்குக்கண்ணாடியை மறுபடியும் கழற்றினாள். பொய் சொல்லத் தெரியாதவள். அது அவளுக்கு அன்று பெரிய இடைஞ்சலாக இருந்தது.

"கேக்கணும்னு தோணல," என்றாள்.

சின்னவள் கத்தலாம் என்று வாயைத் திறந்தாள். கத்துவதற்கு அந்தச் சொற்களில் பிடிமானம் இல்லை. வேண்டுமென்று செய்திருந்தால் திட்டலாம். கவனமின்றிச் செய்திருந்தால் மன்னிக்கலாம். இங்கோ, தங்கையிடம் ஒரு காரணம் இருக்கக்கூடும் என்று, கூடப் பிறந்து கூடவே வளர்ந்து ஒரே மேசையில் உண்பவளுக்குத் தோன்றவே இல்லை.

"உன்னைக் காப்பாத்தத்தான் பண்ணினேன்," என்று பெரியவள் தொடர்ந்தாள். "தப்பு உன் பேருல வெளிய வந்தா, அக்கா தயவுல ஒட்டிக்கிட்டிருக்கான்னு பேசுவாங்க. அதான் சத்தமில்லாம திருத்தினேன்."

"நான் பண்ணாத தப்பை நீ மூடி மறைச்சதுக்கு நான் நன்றி வேற சொல்லணுமா?"

"கத்தாத. கதவு கண்ணாடி."

"கண்ணாடிதான். எல்லாரும் பாக்கட்டும்."

பெரியவள் கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். தன்னிடமிருந்த அட்டவணையில் தானும் வரிசைகளைத் திருப்பினாள், கோடு எழுவதைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள். கட்டுரையின் புதுமை முழுவதும் அந்த ஒரு நொடியில் காலாவதியானது. பிறகு வேகமாக எதையோ தட்டச்சு செய்து படித்துக் காட்டினாள்: "முந்தைய கணக்கில் சில தட்டுகளின் வரிசை மாறியிருந்தது, அது பின்னர் சரிசெய்யப்பட்டது. போதுமா? கட்டுரையைப் புதுசா எழுதறேன். வெள்ளிக்கிழமை போகாது. நீ கேட்டது கிடைச்சிடுச்சு."

"வரிசை தானா மாறுச்சா?"

"அதெல்லாம் கட்டுரையில எழுத மாட்டாங்க."

"கட்டுரையில வேணாம். கூட்டத்துல சொல்லணும். எந்தக் கூட்டத்துல அத்தனை பேர் முன்னால என்னை உட்காருன்னு சொன்னியோ, அங்க. யார் மாத்தினதுன்னு சொல்லணும். இல்லன்னா என் தட்டு ஒண்ணுகூட உன் கட்டுரையில இருக்காது. மிச்ச பாதியை வச்சு நீயே நடத்திக்கோ."

"மிரட்டுறியா?"

"ஆமா."

"நான் இந்த ஆய்வகத்தோட தலைவிடீ. நாலு பேர் முன்னால மதிப்பு இருக்க வேணாமா எனக்கு?"

"எனக்கு இருக்க வேணாமா?"

பனித்தொட்டியிலிருந்து ஒரு சொட்டு நீர் கட்டுரையின் முதல் பக்கத்தில் விழுந்து, இரண்டாவதாக அச்சாகியிருந்த சின்னவளின் பெயரைக் கரைத்தது. சின்னவள் ரேக்குகளை எடுத்துக்கொண்டு போனாள். போகிற வழியில் ஐஸ்பெட்டி அவற்றை வாங்கி உள்ளே வைத்தார்; அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, இளகியதா என்று மட்டும் கேட்கவில்லை.

வீட்டில் மூன்று நாள் உணவு மேசையில் தட்டுகளின் சத்தம் மட்டும் கேட்டது. "பேசிக்கிட்டிருந்தப்ப நிறுத்துங்கன்னேன்," என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னாள். "இப்ப யாராவது பேசுங்களேன்." குவளையை யாரும் நகர்த்தவில்லை.

அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் திரையில் கோடு ஏறியிருந்தது. அறையில் முணுமுணுப்பு எழுந்தது.

"போன வாரம் காட்டினது தப்பு," என்றாள் பெரியவள். "தட்டு வரிசையில ஒரு குழப்பம்." நிறுத்தினாள். பின்சுவரோரம் சின்னவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அன்று அவள் உட்காரவே இல்லை. பெரியவள் தண்ணீர் குடித்தாள்.

"குழப்பம் இல்ல. நான் மாத்தினேன். என் தங்கச்சி சரியாத்தான் அடுக்கி, சரியாத்தான் எண் போட்டிருந்தா. அவ தப்புப் பண்ணிட்டான்னு நானா முடிவு பண்ணி, அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம தலைகீழாக்கிட்டேன். ஜாடியில இருக்கிறதையும் அவ அன்னிக்கே சொன்னா. நான் உட்கார வச்சேன்."

அந்த அறையில் அவள் 'தங்கச்சி' என்று சொன்னது அதுவே முதல் முறை. கண்ணாடிக்கார மாணவன் நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை.

கேட்டது கிடைத்துவிட்டது, இனிக் கோபம் வடியும் என்று சின்னவள் காத்திருந்தாள். வடியவில்லை. ஜன்னலோர ஜாடிகளைப் பார்த்தாள். கால் வெட்டப்பட்ட துண்டுகள் தம் குடைகளை விரித்தபடி நின்றன. அனுப்புவதை நிறுத்திவிட்டால் போதாது; முன்பே வந்து சேர்ந்தது நுனியில் இருக்கத்தான் செய்யும்.

மாற்றிய முடிவை உறுதிசெய்ய இன்னும் சில தட்டுகள் தேவைப்பட்டன. குளிரறையில் இருவரும் அருகருகே நின்றார்கள். மூச்சு புகையாக வந்தது. சின்னவள் இடது கையில் இடுக்கியை எடுத்து, ஒரு பாசியின் நுனியைப் பற்றித் தூக்கினாள். பெரியவளின் கை இயல்பாக முன்னால் வந்தது. பாதியில் நின்றது. கையை இழுத்து மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"நுனி எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

சின்னவள் அந்தப் பாசியைக் கிடத்தினாள். அடுத்ததை எடுத்தாள், அதையும் கிடத்தினாள். பெரியவள் காத்திருந்தாள்; காத்திருக்கட்டும்.

"இடப்பக்கம்," என்றாள் கடைசியில். "எல்லாத் தட்டும் இடப்பக்கம். எழுதிக்கோ."

பெரியவள் எழுதிக்கொண்டாள். பிறகு தன் தட்டை எடுத்து, நுனியை இடப்பக்கம் வைத்து அடுக்கத் தொடங்கினாள். வலது கையைக் குறுக்கே கொண்டுபோக வேண்டியிருந்தது, மணிக்கட்டு முறுக்கிக்கொண்டது. இரண்டாவது பாசி சாய்ந்து விழுந்தது.

சின்னவளின் இடது கை, இடுக்கியோடு, தானாகவே அந்தத் தட்டை நோக்கி நீண்டது. அவள் அதைப் பார்த்தாள். நிறுத்தினாள்.

"கோணலா இருக்கு," என்றாள். "நீயே சரி பண்ணு."